கேட் போட்டாச்சு

ஓய்வெடுக்கவும் ஒரு செயலி வைத்திருந்தேன்.
மூச்சை உள்ளே இழு என்று
பகல் பதினொன்றுக்கு அதிரும்.
இழுப்பேன்.
மணலிப் பக்கத்துக் காற்றென்றால்
பாதியில் நிறுத்திக்கொள்வேன்.
விடு என்று அது சொல்வதற்குள்
நவநீதன் சார் லைனில் வந்துவிடுவார்:
"பெனிட்டா, நாற்பதடி எத்தனை, இருபதடி எத்தனை?"

எண்ணுவதுதான் என் வேலை.
எண்ணூர் சாலையில் வரிசை கட்டி நிற்கும்
லாரிகளின் முதுகில் எத்தனை பெட்டி,
எதற்கு சீல் இருக்கிறது, எதற்கு இல்லை,
எது நேற்றே கப்பலில் ஏறியிருக்க வேண்டியது.
ஞாயிற்றுக்கிழமை கோயிலில்கூட
ஜெபமாலை மணிகளை
இருபதடி, நாற்பதடி என்று
விரல் பிரித்துக்கொண்டிருந்தது.

தண்டையார்பேட்டை டாக்டர்
பிரஷர் பார்த்துவிட்டுச் சொன்னார்:
"கொஞ்சம் ரிலாக்ஸா இருங்க."
எவ்வளவு நேரம் டாக்டர் என்று கேட்டேன்.
அவர் சிரித்தார்.
நான் நிஜமாகத்தான் கேட்டேன்.

லீவு போட்டு ஏற்காடு போனோம்.
பார்க்க வேண்டிய இடங்கள் ஒன்பது.
எட்டை முடித்தோம்.
அந்த ஒன்பதாவது
இன்னும் உறுத்திக்கொண்டிருக்கிறது.

கொருக்குப்பேட்டையில் கேட் போட்டால்
ஸ்கூட்டியைச் சாய்த்து, தலையைக் குனிந்து
கம்பிக்கு அடியில் நுழைகிற
கூட்டத்தில் ஒருத்தி நான்.
ஆடி மாதம் பாத்ரூமில் வழுக்கி
இடது மணிக்கட்டில் மாவுக்கட்டு.
பிரித்த பிறகும்
வண்டியைச் சாய்க்கும் தெம்பு
கைக்குத் திரும்பவில்லை.
நிற்க வேண்டியதாயிற்று.

நின்றேன் என்பதும் பொய்,
காத்திருந்தேன்.
காத்திருக்கும்போது
கால் மட்டும்தான் தரையில் இருக்கிறது.
கூட்ஸ் வந்தது. தொழில்புத்தி, எண்ணினேன்.
ஐம்பத்தெட்டு வேகன்.
மறுநாள் நாற்பத்தைந்து.
மூன்றாம் நாள் டைரியில் தேதி போட்டுக் குறித்தேன்.

அது ஒரு வியாழக்கிழமை.
கேட் போட்டுப் பதினைந்து நிமிடம் ஆகியிருக்கும்.
ஒவ்வொரு இஞ்சினாக அணைந்து
கடைசியில் ஒரு ஷேர் ஆட்டோ மட்டும்
கொஞ்சம் இருமிவிட்டு அடங்கியது.
மீன் கூடை ஏற்றிய வண்டியிலிருந்து
ஐஸ் தண்ணீர் சொட்டு.
பள்ளிக்கூடப் பையன் ஒருவன்
அப்பாவின் முதுகில் கன்னத்தை ஒட்டிவைத்து
வாய் திறந்து தூங்கினான்.
யாரோ கேட் கம்பியில் முழங்கை ஊன்றி
எதிர்வீட்டு மாடியைப் பார்ப்பதுபோல்
தண்டவாளத்தைப் பார்த்தார்.

பதினேழு, பதினெட்டு,
நிலக்கரி, நிலக்கரி,
பத்தொன்பதில் ஒரு காக்கை.
ஓடுகிற வண்டியில் இறக்கை விரிக்காமல்
டிக்கெட் வாங்கியவனைப் போல.
எங்கே இறங்கும் என்று பார்த்தேன்.
இறங்கவில்லை.
சின்னதாகி, கரியாகி,
கரியோடு கரியாகப் போயிற்று.

எண்ணிக்கையும் போயிருந்தது.
எப்போது என்று தெரியவில்லை.
வேகன்கள் போய்க்கொண்டே இருந்தன,
எத்தனையும் இல்லாமல்.
என் தோள் இரண்டும் இத்தனை வருஷம்
காதுக்குப் பக்கத்தில் இருந்திருக்கின்றன;
இறங்கியபோதுதான் தெரிந்தது.
பின்னங்கழுத்தில் வெயில்.
பைக்குள் போன் அதிர்ந்தது.
மூச்சை இழு என்றிருக்கும்,
இல்லாவிட்டால் நவநீதன் சார்.

"யக்கா, தூங்கினியா? வண்டிய எடு!"
பின்னால் பத்து ஹாரன்.
கேட் எப்போதோ தூக்கியாயிற்று.

ஏன் லேட் என்றார் சார்.
கேட் சார்.
எவ்வளவு பெரிய கூட்ஸ்?
தெரியல சார்.
பதினொரு வருஷத்தில் அவரிடம்
நான் சொன்ன முதல் தெரியல.
கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

மறுநாள் அதே இடம், அதே வெயில்,
காக்கையைத் தேடினேன்.
தேடினால் வருமா.
ஐம்பத்திரண்டு வேகன், பிசகாமல்.

பாலம் வந்துவிடும் என்கிறார்கள்.
வரட்டும், நல்லதுதான்,
ஆம்புலன்ஸ் நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.
அதுவரைக்கும்
சிவப்பு விளக்கைக் கண்டதும் சாவியைத் திருகிவிடுகிறேன்.
வாரத்தில் ஒருநாள்,
சில வாரம் அதுவும் இல்லை,
முப்பதுக்கும் நாற்பதுக்கும் நடுவே எங்கேயோ
தவறிவிடுகிறது.